ரிவர்ஸ் கியரில் பிறந்த கிறிஸ்துமஸ் பாட்டு

டவுன்ஷிப் சபையின் கொயர் மாஸ்டர் என் வண்டியிலிருந்து திருடினார். பேட்டரியைத் திருடவில்லை, ஸ்டெப்னியைத் திருடவில்லை. என் வண்டியின் ரிவர்ஸ் ஹாரன் பாடிய பாட்டைத் திருடினார். திருடியதைக்கூட நான் அப்போதே மன்னித்துவிட்டேன். ஏழு வருஷம் கழித்து, நான்தான் சபைப் பாட்டைத் திருடி ஹாரனில் வைத்துக் கேலி செய்கிறேன் என்று ஊரே கூடிச் சொன்னபோது, பக்கத்தில் நின்று கேக் தின்றார். அதை மன்னிக்க மாட்டேன்.

நான் வேன் ஓட்டுகிறவன். பிறந்தது கருங்குழி, பிழைப்பு திருப்போரூர். எனக்குச் சங்கீதம் தெரியாது. தெரிந்ததாக எங்கேயும் சொன்னதும் இல்லை. ஆனால் என் வண்டியில் வருகிற சத்தம் எனக்குத் தெரியும். எந்த நட்டு எப்படி ஆடும், எந்தக் கதவு எந்தப் பள்ளத்தில் முனகும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். அப்படிப்பட்டவனிடம் வந்து, உன் ஹாரன் சத்தம் உன்னுடையது இல்லை என்றால் எப்படி இருக்கும்?

தொண்ணூறுகளின் நடுவில் செகண்ட் ஹேண்டில் அந்த வேனை வாங்கினேன். அப்போது எல்லா வண்டியிலும் ரிவர்ஸ் ஹாரன் வைக்கிற பைத்தியம் பிடித்திருந்தது. ரிவர்ஸ் கியர் போட்டால் பின்னால் ஒரு சின்ன டப்பா பாடும். செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு எலக்ட்ரீசியன் இந்த டப்பாக்களை வைத்திருந்தான். என் வயசுதான் இருக்கும். வாயில் எப்போதும் ஒரு ஒயர் துண்டைக் கடித்தபடி பேசுவான்.

"இன்னா பாட்டு போடட்டும் அண்ணாத்த? முருகர் கீறாரு, ஐயப்பன் கீறாரு, சினிமா கீது. கொயந்த அழுவுற சவுண்டுகூட கீது."

"கொயந்த அழுவுறதா? அத்த வெச்சிகினு இன்னா பண்றது?"

"பின்னால நிக்கிறவன் பதறிப் போயி நவுந்துடுவான் இல்ல? லாரிக்காரனுங்க அத்ததான் கேக்குறானுங்க."

என் கஷ்டம் வேறு. நான் காலையில் திருப்போரூர் முருகனுக்கு ஆள் ஏற்றுவேன். மத்தியானம் கோவளம் தர்காவுக்கு ஆள் ஏற்றுவேன். ஞாயிற்றுக்கிழமை சபைக்கு ஏற்றுவேன். எந்தச் சாமியின் பாட்டை வைத்தாலும் மற்ற இரண்டு பேர் முகம் சுளிப்பார்கள். சினிமாப் பாட்டு வைத்தால் ஒரு நடிகரின் ரசிகன் ஏறுவான், இன்னொரு நடிகரின் ரசிகன் இறங்குவான். இதைச் சொன்னேன்.

அவன் ஒயரைத் துப்பிவிட்டு ஒரு பச்சை டப்பாவை எடுத்தான். "அப்பன்னா இத்த வெச்சிக்கோ. கிளாசிக்கல். வெள்ளக்காரன் மெட்டு. போட்டவன் செத்து எத்தினியோ தலைமுறை ஆவுது. இதுக்கு எவனும் சண்டைக்கு வர மாட்டான்."

அவன் சொன்னதிலேயே பெரிய பொய் இதுதான். ஆனால் அவன் தெரிந்து சொல்லவில்லை.

டப்பாவை பேட்டரியில் தொட்டுக் காட்டினான். நல்ல மெட்டு. மாடிப்படி ஏறுகிற மாதிரி ஒவ்வொரு படியாக ஏறும். மேலே போய் ஒரு நிமிஷம் நின்று காற்று வாங்கும். அப்புறம் அவசரமில்லாமல் இறங்கும். யாரையும் திட்டாத, யாரையும் கும்பிடாத பாட்டு. மாட்டச் சொன்னேன்.

ஒரு வருஷம் ஒழுங்காகப் பாடியது. பிறகு படூரிலிருந்து ஒரு கல்யாண வீட்டுக் கூட்டத்தை மாமல்லபுரம் கூட்டிப் போனேன். கல்யாணம் முடிந்த மறுநாள் கடல் பார்க்க வேண்டுமாம். கடற்கரைக் கோயிலுக்கு வடக்கே மணல் வரை வண்டியைக் கொண்டுபோகச் சொன்னார்கள். வேண்டாம் என்றேன். மாப்பிள்ளையின் சித்தப்பா, "சும்மா உடுப்பா, நான் பாத்துக்குறேன்" என்றார். அவர் என்ன பார்த்துக்கொண்டார் என்றால், வண்டியின் பின்சக்கரம் ஈரமணலில் புதைவதைப் பார்த்துக்கொண்டார். நான் ரிவர்ஸ் போட்டு எஞ்சினை உறுமவிட, டப்பா பாட, அலை வந்து பின்பக்கத்தை மூழ்கடித்துவிட்டுப் போனது. வலை காயவைத்துக்கொண்டிருந்த நாலு பேர் தள்ள வந்தார்கள்.

"டிரைவரு, அந்தப் பாட்ட நிறுத்து. சிரிப்பு வந்துகினே கீது, தள்ள முடியல."

"கியர எடுத்தா பாட்டு நிக்கும். கியர எடுத்தா வண்டியும் நிக்கும்ணே."

"அப்பன்னா பாடிகினே தள்ளலாம், வா."

வண்டி வெளியே வந்தது. ஆனால் டப்பாவுக்குள் உப்புத் தண்ணீர் போய்விட்டது. மறுநாளிலிருந்து அதற்கு விக்கல் வந்துவிட்டது. மெட்டு படியேறி உச்சிக்குப் போகும். அங்கே போனதும் ஒரே ஸ்வரத்தை டிங் டிங் டிங் என்று மூன்று தடவை அடிக்கும். பிறகு மூச்சு நின்ற மாதிரி ஒரு இடைவெளி. பிறகு ஒன்றும் நடக்காததுபோல இறங்கும். ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில்தான். தவறியதே இல்லை.

எலக்ட்ரீசியன் காதை வைத்துக் கேட்டான். "தண்ணி குட்ச்சிகீது. அதான் விக்குது. வேற டப்பா மாத்திடலாம்." நான் மாற்றவில்லை. விக்கினால் விக்கட்டும், பின்னால் நிற்கிறவன் நகர்ந்தால் போதாதா? இன்னொரு வசதியும் இருந்தது. விக்கல் சத்தம் கேட்டாலே திருப்போரூர் டீக்கடைக்காரர் என் டீயை அடுப்பில் வைத்துவிடுவார்.

இங்கேதான் கொயர் மாஸ்டர் வருகிறார்.

அணுமின் நிலைய டவுன்ஷிப்பை ஒட்டி ஒரு சபை. திருநெல்வேலி, நாகர்கோவில், சேலம், மதுரை என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் வேலைக்கு வந்த குடும்பங்கள். டிசம்பர் பிறந்தால் கொயர்காரர்கள் சாயங்காலம் ஐந்து மணிக்குக் கிளம்பி வீடு வீடாகப் போய்ப் பாடுவார்கள். அதற்குப் பெயர் கேரல் ரவுண்ட்ஸ். வண்டி என்னுடையது. ஒரு வீட்டில் மூன்று பாட்டு, ஒரு ஜெபம், ஒரு தட்டு முறுக்கு, கேக். சாப்பாடு விஷயத்தில் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். டிரைவருக்கும் அதே தட்டுதான், அதே அளவுதான்.

கொயர் மாஸ்டர் சார் முன்சீட்டில் என் பக்கத்தில் உட்காருவார். திருநெல்வேலிக்காரர், ஆபீஸில் நல்ல உத்தியோகம், மடியில் பேட்டரி போட்ட சின்ன கீபோர்டு. நல்ல மனுஷன் என்றுதான் நினைத்திருந்தேன்.

குவார்ட்டர்ஸ் தெருக்கள் எல்லாம் ஒரு பக்கம் அடைத்த தெருக்கள். உள்ளே போனால் வண்டியைத் திருப்ப இடம் கிடையாது. ரிவர்ஸில்தான் வெளியே வர வேண்டும். ஒரு சாயங்காலத்துக்குப் பத்துப் பன்னிரண்டு தெரு. ஒவ்வொரு தெருவிலும் தெருமுனை வரை டப்பா பாடும், விக்கும், பாடும், விக்கும். டிசம்பர் முழுக்க இது நடந்தது. அந்த மாதம் கொயர்காரர்கள் பாடிய பாட்டைவிட என் வண்டி பாடியதுதான் அதிகம்.

மூன்றாம் நாளே சார் கேட்டார். "தம்பி, இந்த மெட்டு யாருது தெரியுமா?"

"செங்கல்பட்டு எலக்ட்ரீசியன் போட்டுக் குட்தான் சார்."

"அவன் இல்லடே." சிரித்தார். ஜெர்மனியில் இருந்த ஒரு பெரிய சங்கீதக்காரர் பெயரைச் சொன்னார். தலையில் வெள்ளை டோப்பா வைத்துக்கொண்டு ராஜாக்களுக்கு வாசித்தவராம். "அசல் கிளாசிக்கல். சின்ன வயசுல பாளையங்கோட்டையில ஒரு ஃபாதர் வாசிச்சுக் கேட்டிருக்கேன். ஆனா உச்சியில ஒரு நகாசு வருதே, மூணு தடவ தட்டிட்டு நிக்குதே, அது எனக்கு நினைவில்லயே."

"அது நகாசு இல்ல சார், விக்கலு. மாமல்லபுரத்துல உப்புத் தண்ணி பூந்துச்சி."

"உப்புத் தண்ணியா?"

"ஆமா சார். அலை அட்ச்சிச்சி."

சார் வயிறு குலுங்கச் சிரித்தார். பின்சீட்டில் இருந்தவர்கள் என்ன என்று கேட்டார்கள். ஒன்றுமில்லை என்றார். பிறகு சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து எதையோ எழுதினார். நான் கண்ணாலே பார்த்தேன். பேனா நீல மை.

அடுத்த வருஷம் டிசம்பர். முதல் நாள் கேரல். டவுன்ஷிப்பில் முதல் வீடு. நான் வண்டிப் படியில் உட்கார்ந்து கேக் தின்றுகொண்டிருந்தேன். உள்ளே பாட ஆரம்பித்தார்கள். மெட்டு படியேறியது. எனக்குத் தெரியாமலே என் கால் கிளட்ச்சைத் தேடியது. இருபது பேர், ஆண் குரல், பெண் குரல், கட்டைக் குரல், கீச்சுக் குரல், எல்லாம் சேர்ந்து, "மாட்டுக் கொட்டில் மலர்ந்த" என்று ஏறி, உச்சிக்குப் போய், "ரா ரா ரா" என்று மூன்று தடவை அடித்து, மூச்சை நிறுத்தி, ஒரு வினாடி சும்மா நின்று, "ஜா" என்று இறங்கினார்கள்.

கேக் எனக்குப் புரையேறியது.

சபையின் செக்ரட்டரி ஒரு அக்கா. நர்ஸாக இருந்து ரிட்டயர் ஆனவர். ஊசி போடுகிற மாதிரியே பேசுவார், வலிக்காது என்று சொல்லிவிட்டுக் குத்துவார். அவர் வாசலில் நின்று வீட்டுக்காரரிடம் சொன்னார்: "புதுப் பாட்டு. நம்ம சாருக்கு அதிகாலை ஜெபத்துல ஆண்டவர் கொடுத்த மெட்டு." ஆண்டவர் கொடுத்திருக்கலாம். நான் மறுக்கவில்லை. என் வண்டியின் பின்பக்கம் வழியாகக் கொடுத்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும்.

அடுத்த தெருவுக்குப் போகும்போது கேட்டேன். சார் குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி, கிளாசிக்கல் மெட்டை எடுத்து சபைப் பாட்டு பண்ணுறது உலகம் பூரா நடக்கு. எங்க தாத்தா காலத்துலருந்து கர்நாடக ராகத்துலயும் பாடுதோம், வெள்ளக்கார மெட்டுலயும் பாடுதோம். அதுல தப்பே இல்ல கேட்டியா."

"மெட்ட எட்த்தது தப்புன்னு நான் சொல்லல சார். செத்துப்போன வெள்ளக்காரரு வந்து கேக்கப் போறாரா? விக்கலையும் சேத்து எட்த்துகினீங்களே, அது என் வண்டியுது."

"அது இல்லாமயும் பாடிப் பாத்தேன்டே. சப்புன்னு இருக்கு."

"அப்போ என் வண்டிலேர்ந்து வந்துச்சின்னு சொல்லிடுங்க."

"சபையில எப்படிடே சொல்லுவேன், ரிவர்ஸ் கியர்லருந்து வந்துச்சுன்னு? ஜனம் பாடுமா? நமக்குள்ள இருக்கட்டும்." அன்றைக்கு ஒரு முழுப் பிளம் கேக்கை டப்பாவோடு கொடுத்தார். வாங்கினேன். அது என் தப்பு. அதை ஒத்துக்கொள்கிறேன். கேக்கும் நன்றாகத்தான் இருந்தது.

பாட்டு பரவியது. இப்படிப் பரவும் என்று சாரும் நினைக்கவில்லை. கேசட் போட்டார்கள், அப்புறம் சி.டி. போட்டார்கள். செங்கல்பட்டில் கேரல் போட்டிக்கு வந்த நடுவர், "அந்த மூன்று ராவில் ஒரு ஏக்கம் இருக்கிறது" என்று மைக்கில் பேசினார். எனக்கு அவரிடம் போய், அது ஏக்கம் இல்லை சார், ஈரம் என்று சொல்ல வேண்டும்போல இருந்தது. இன்னொரு சபைக்காரர்கள் போட்டிக்கு நாலு ரா வைத்துப் பாடினார்கள், எடுபடவில்லை. கருங்குழியில் என் அக்கா பேத்தி பள்ளிக்கூட விழாவில் பாடினாள். மாமல்லபுரத்தில் வெள்ளைக்காரர்கள் சாப்பிடுகிற ஓட்டலில் கிறிஸ்துமஸ் சமயத்தில் கிடாரில் வாசித்தார்கள். ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டே வந்தவர், உச்சியில் விக்கல் வந்ததும் ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டுச் சுற்றும் முற்றும் பார்த்தார். அந்த ஓட்டலில் அசல் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். பாவம், தன் காதில்தான் கோளாறு என்று நினைத்திருப்பார்.

செல்போன் வந்தபோது ரிங்டோன் ஆனது. குவார்ட்டர்ஸில் என் ஹாரனைக் கேட்டவர்கள், டிரைவரும் நம் பாட்டை வைத்துவிட்டான் என்று நினைத்துக்கொண்டார்கள், எது முதலில் வந்தது என்று ஒருவருக்கும் ஞாபகம் இல்லை. நான் ஒன்றும் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னால் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. ஊரே என் வண்டி மாதிரி விக்குகிறது. எவனுக்கும் தெரியாது. எனக்கும் சாருக்கும் தெரியும். போதும் என்றிருந்தேன்.

பிறகு சபைக்குப் புதுக் கட்டடம் கட்டினார்கள். பிரதிஷ்டை நாள். காலையிலேயே கூட்டம். வெளியூரிலிருந்து பெரிய ஐயர், அதாவது பெரிய பாதிரியார், வந்திருந்தார். பிரியாணி அண்டாவை நான்தான் வண்டியில் கொண்டுவந்தேன். உள்ளே ஆராதனை நடந்துகொண்டிருந்தது. சமையல்காரர் வந்து, "வண்டிய சைடு கதவாண்ட பின்னால உடுப்பா, அண்டாவ அப்டியே இறக்கிடலாம்" என்றார். நான் ரிவர்ஸ் போட்டேன்.

உள்ளே என்ன நடக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்? பெரிய ஐயர், காலமான சபையாருக்காக ஒரு நிமிஷம் மௌன ஜெபம் என்று சொல்லிக் கண்ணை மூடியிருக்கிறார். சபை முழுக்க அமைதி. அப்போது சைடு கதவு வழியாக என் டப்பா படியேற ஆரம்பித்தது.

கொயர்தான் ஆரம்பித்துவிட்டது என்று நினைத்து ஜனங்கள் எழுந்து நின்றார்கள். கொயர்காரர்கள், ஜனங்கள் எழுந்துவிட்டார்களே என்று பாட ஆரம்பித்தார்கள். ஜனங்கள் பாடுவதைப் பார்த்துப் பெரிய ஐயரும் கையை உயர்த்தினார். திரும்பிப் பார்த்தேன், கதவு வழியாகச் சார் தெரிந்தார். அவர் கை தானாக எழுந்து தாளம் போட்டது. உச்சியில் ஹாரனும் சபையும் ஒன்றாக விக்கின. நான் கியரை எடுக்கப் பார்த்தேன், சிக்கிக்கொண்டது. எஞ்சினை அணைத்தேன், ஹாரன் நிற்கவில்லை. சாவியைக் கழற்றினாலும் ரிவர்ஸ் லைட் எரிகிற, ஹாரன் பாடுகிற மாதிரி அந்த எலக்ட்ரீசியன் ஒயர் கொடுத்திருந்தான். மூன்று சரணம் பாடினார்கள். நான் வண்டிக்கு அடியில் புகுந்து ஒயரைப் பிடுங்கிய பிறகுதான் முடிந்தது. ஜனங்கள் உட்கார்ந்தார்கள். பெரிய ஐயர், "நல்ல உற்சாகமான சபை" என்று சொன்னதாகக் கேள்வி.

ஆராதனை முடிந்ததும் செக்ரட்டரி அக்கா நேராக என் வண்டிக்கு வந்தார். பின்னால் பாதி சபை. எல்லார் கையிலும் கேக்.

"தம்பி, எங்க பாட்டை உங்க ரிவர்ஸ் ஹாரன்ல வெச்சிருக்கீங்களே, இது என்ன கேலியா?"

"அக்கா, ஹாரன் மொதல்ல வந்துச்சி. பாட்டு அப்புறம் வந்துச்சி."

"ஆண்டவர் சாருக்குக் கொடுத்த பாட்டு உங்க ஹாரனுக்கு மொதல்ல எப்படி வரும்?"

"சாரையே கேளுங்க. தோ நிக்கிறாரே."

எல்லாரும் திரும்பினார்கள். சார் கேக்கை ஒரு கடி கடித்தார். மென்றார். இன்னொரு கடி கடித்தார். "எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல தம்பி" என்றார். வாயில் கேக் இருந்தாலும் தெளிவாகத்தான் சொன்னார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் மைக்கில் மன்னிப்புக் கேட்க வேண்டும், இல்லாவிட்டால் கேரல் டிரிப்பும் கிடையாது, டவுன்ஷிப் பிள்ளைகளின் ஸ்கூல் டிரிப்பும் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள்.

நான் செங்கல்பட்டுக்குப் போனேன். எலக்ட்ரீசியனின் பரணில் அதே பச்சை டப்பா ஒன்று பிரிக்காமல் கிடந்தது. வாங்கிக்கொண்டு, சென்னையில் தேடி அந்த டோப்பாக்காரரின் அசல் கேசட்டும் வாங்கி, புதன்கிழமை சாயங்காலம் கமிட்டி முன்னால் வைத்தேன். முதலில் என் பழைய டப்பாவை பேட்டரியில் கொடுத்தேன். விக்கியது. பிறகு புது டப்பா. விக்கவில்லை. பிறகு கேசட். விக்கவில்லை. "பாத்துக்குங்க. மெட்டு வெள்ளக்காரருது. விக்கலு என்னுது. உங்க பாட்டுல ரெண்டும் கீது. அப்போ பாட்டு எங்கேர்ந்து வந்துச்சி?"

இதற்கு மேல் ஒரு மனுஷன் என்ன நிரூபிப்பான்? கமிட்டி யோசித்தது. செக்ரட்டரி அக்கா புது டப்பாவைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"இதுல அந்த முக்கியமான இடமே இல்லையே. இது டூப்ளிகேட்."

"கேசட்லயும் இல்லியேக்கா."

"அந்தக் காலத்துல அவருக்கு அது தோணல. நம்ம சார்தான் அதை முழுசாக்கியிருக்கார்."

சார் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அறையில் என்னைத் தவிர உப்புத் தண்ணீர் என்ற வார்த்தையைச் சொல்ல அவரால் மட்டும்தான் முடியும். சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன்.

"மன்னிப்புதானே. கேட்டுட்டு வந்தா இன்னா கொறைஞ்சிடும்? மாசத்துக்கு நாலு தபா எங்கிட்ட கேக்குறியே."

"உன்னாண்ட கேக்குறது நான் செஞ்ச தப்புக்கு. இது நான் செய்யாத தப்பு."

"செஞ்ச தப்புக்குக் கேட்டா நான் பத்து கேள்வி கேப்பேன். செய்யாத தப்புக்கு எவன் கேள்வி கேப்பான்? சீக்கிரம் முடிஞ்சிடும், போய்ட்டு வா."

போனேன். மன்னிப்புக் கேட்க இல்லை, உண்மையைச் சொல்ல. மைக் முன்னால் நின்று, மரியாதைக்கு இரண்டு கையையும் கூப்பி, "எல்லாருக்கும் வணக்கம்" என்றேன். கரண்ட் போய்விட்டது. ஃபேன் நின்றது, மைக் செத்தது. நான் விடவில்லை. மாமல்லபுரம், அலை, டப்பா, நோட்டுப் புத்தகம், நீல மை, பிளம் கேக், எல்லாவற்றையும் கத்திச் சொன்னேன். புதுக் கட்டடம், ஒரே எதிரொலி. ஒரு வார்த்தை பேசினால் மூன்று வார்த்தை திரும்பி வந்தது. எனக்கே நான் பேசியது புரியவில்லை. வியர்வை கண்ணில் இறங்கி எரிந்தது, துடைத்துக்கொண்டேன். கூப்பிய கையை இறக்க மறந்திருந்தேன். பேசி முடித்தபோது முன்வரிசையில் இரண்டு அம்மாக்கள் அழுதுகொண்டிருந்தார்கள். ஒரு பெரியவர் எழுந்து வந்து என்னைக் கட்டிப்பிடித்தார். "போதும் தம்பி, போதும். மன்னிச்சாச்சு" என்றார்.

கமிட்டி நோட்டில் எழுதிவிட்டார்கள்: வேன் ஓட்டுநர் சபை முன்னிலையில் கண்ணீரோடு மன்னிப்புக் கேட்டார். நான் போய்ப் படித்தேன். அடிக்கச் சொன்னேன். ஒருமுறை எழுதினால் அடிக்கக் கூடாது என்றார் செக்ரட்டரி அக்கா.

"அதான் மன்னிச்சாச்சே தம்பி. டிசம்பருக்கு வண்டி எடுத்துட்டு வாங்க. ஸ்கூல் டிரிப்பும் உங்களுக்குத்தான்."

"நான் மன்னிப்பே கேக்கலியே. கேக்காததுக்கு எப்படி வண்டி எட்த்துகினு வர்றது?"

"அழுதீங்களே."

"வேர்வைக்கா அது."

வண்டி எடுக்கவில்லை. அந்த டிரிப்பை நான் விட்டேன். மனைவி ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. பேசியபோதும் நல்லதாகப் பேசவில்லை. கேரல் டிரிப்பு, ஸ்கூல் டிரிப்பு இரண்டையும் வேறொரு வேன்காரனுக்குக் கொடுத்தார்கள். அவன் ரிவர்ஸ் ஹாரனில் குழந்தை அழுகிற சத்தம். கேரல் முடிந்து வண்டி பின்னால் வரும்போது குழந்தை வீறிட்டு அழும். மாட்டுக் கொட்டில் பாட்டுக்கு அது ரொம்பப் பொருத்தமாக இருக்கிறது என்று குவார்ட்டர்ஸில் பேசிக்கொள்கிறார்கள். அதற்கு யாரும் மன்னிப்புக் கேட்கச் சொல்லவில்லை.

நான் இப்போது மாமல்லபுரம், கேளம்பாக்கம் பக்கம் ஐ.டி. ஆபீஸ்காரர்களை ஏற்றுகிறேன். அவர்கள் காதில் எப்போதும் ஒயர் இருக்கிறது. என் ஹாரனைக் கேட்பதே இல்லை. டப்பா இன்னும் விக்குகிறது. பிழைப்புக்கு ஒன்றும் குறைவில்லை. ஆனால் அந்த நோட்டில் என் பெயருக்கு நேரே ஒரு பொய் இருக்கிறது. டவுன்ஷிப் பக்கம் போனால், பாட்டைக் கேலி செய்து அழுது மன்னிப்புக் கேட்ட டிரைவர் இவர்தான் என்று காட்டுகிறார்கள். அன்பாகத்தான் காட்டுகிறார்கள். அதுதான் தாங்க முடியவில்லை.

வருகிற டிசம்பரில் அந்தப் பாட்டுக்குப் பத்து வருஷ விழா வைத்திருக்கிறார்கள். சார் ரிட்டயர் ஆகி படூரில் அடுக்குமாடியில் இருக்கிறார். அவருக்குப் பொன்னாடை போடப் போகிறார்களாம். போடட்டும். மெட்டைக் கிளாசிக்கலில் இருந்து எடுத்ததற்கு நான் எந்தக் காலத்திலும் குறை சொல்லவில்லை. பாட்டு நன்றாகவே இருக்கிறது. எனக்கே வண்டி ஓட்டும்போது வாயில் வருகிறது.

சார், உங்களிடம் ஒரே கேள்வி. போன் போட்டுச் சொல்ல வேண்டாம், வீட்டுக்குக் கூப்பிட்டுக் காபி கொடுத்துச் சொல்ல வேண்டாம், கேக் அனுப்ப வேண்டாம். ஜெனரேட்டருக்கு நான் ஏற்பாடு செய்கிறேன், கரண்ட் போகாது. பொன்னாடையோடு மைக் முன்னால் நின்று, கமிட்டி நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, சபையார் எல்லாரும் கேட்கும்படி சொல்லுங்கள். அந்தப் பாட்டில் ரா ஏன் மூன்று தடவை வருகிறது?